கடலில் நின்ற கப்பல்: இலங்கையின் 2022 எரிபொருள் நெருக்கடி, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 மே 18ஆம் தேதியிலிருந்து தொடங்குகிறேன். அன்றைக்குப் பாராளுமன்றத்தில் எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர எழுந்து ஒரு கப்பலைப் பற்றிச் சொன்னார். மார்ச் 28ஆம் தேதியிலிருந்து பெற்றோல் ஏற்றிய கப்பல் ஒன்று இலங்கைக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறது, அதை இறக்கக் கையில் டாலர் இல்லை என்றார். அதோடு விடவில்லை, அந்தப் பெற்றோலை அனுப்பிய அதே நிறுவனத்திடம் ஜனவரியில் வாங்கிய பெற்றோலுக்கே 5 கோடியே 30 இலட்சம் டாலர் பாக்கி இருக்கிறது, அந்தப் பாக்கியையும் தீர்த்தால்தான் இந்தக் கப்பலை விடுவார்கள் என்றும் சொன்னார். ஏழு கிழமைக்கு மேலாகக் கப்பல் அங்கேயே நிற்கிறது, கரையில் ஜனங்கள் இரவு பகலாகக் கானோடு வரிசையில் நிற்கிறார்கள்.

அதே மே 18இல்தான் இன்னொரு கெடுவும் முடிந்தது. ஏப்ரலில் கட்டியிருக்க வேண்டிய 7 கோடியே 80 இலட்சம் டாலர் கடன் வட்டிக்குக் கொடுத்திருந்த 30 நாள் அவகாசம் அன்றோடு சரி. அடுத்த நாள் மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க, நாடு கடனைக் கட்டத் தவறிவிட்டது என்பதை ஒளிக்காமல் சொன்னார். சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கைக்கு அப்படியொரு நாள் வந்தது அதுதான் முதல் தடவை.

2022இல் நடந்ததைப் பற்றிப் பேசும்போது "நாட்டில் எண்ணெய் இல்லாமல் போச்சு" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். எனக்கு அந்த வசனத்தில் உடன்பாடு இல்லை. உலகச் சந்தையில் எண்ணெய் இருந்தது, விலைதான் கூடியிருந்தது. எங்கள் துறைமுகத்துக்கு வெளியேயே கப்பலில் இருந்தது. இல்லாமல் போனது அதற்கு எல்.சி. (வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) திறப்பதற்கான டாலர். பெற்றோல் செட்டில் நாங்கள் நின்றது உண்மையில் டாலருக்கான வரிசையில்தான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அதற்குப் பிறகு நடந்த அரசியல், இந்தியாவும் சீனாவும் உள்ளே வந்த விதம், இன்றைக்கும் மின்கட்டணப் பட்டியலில் எழுதியிருக்கிற தொகை, எதுவுமே சரியாக விளங்காது.

டாலர் எப்படிக் கரைந்தது

2019 முடிவில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 760 கோடி டாலர். 2022 மே மாத ஆரம்பத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, எடுத்துச் செலவழிக்கக்கூடியதாக மிஞ்சியிருந்தது 5 கோடிக்கும் குறைவு. இரண்டரை வருசத்தில் இவ்வளவும் போனதற்குக் கொவிட் காரணம், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு படுத்துப்போன சுற்றுலா காரணம், உக்ரைன் போர் காரணம் என்று ஆட்சியில் இருந்தவர்கள் பட்டியல் போட்டார்கள். அவையும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கொவிட் மாலைதீவுக்கும் வந்தது, அதே எண்ணெய் விலை நேபாளத்துக்கும் வந்தது.

கோட்டாபய ராஜபக்ச 2019 நவம்பரில் ஜனாதிபதியானதும் முதல் வேலையாக வரியைக் குறைத்தார். வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. வருசத்துக்கு 1 கோடியே 20 இலட்சம் ரூபாய் விற்பனை இருந்தாலே வற் கட்ட வேண்டும் என்றிருந்த எல்லையை 30 கோடிக்கு உயர்த்தினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் எடுத்துவிட்டார்கள். அரசாங்கத்தின் வருமானம் இடிந்து விழுந்தது, கடன் தர நிறுவனங்கள் தரத்தை இறக்கின, வெளிநாட்டுச் சந்தையில் புதிதாகக் கடன் வாங்கிப் பழைய கடனைக் கட்டும் வழி அடைபட்டது. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்து நெல்லையும் தேயிலையையும் சேர்த்துச் சாய்த்த கதை தனி, அதை இங்கே இழுக்கவில்லை.

இதற்கு மேல் ரூபாயைப் பிடித்து வைத்த பிடி. 2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் வரை ஒரு டாலர் 200 ரூபாய்ச் சொச்சம்தான் என்று மத்திய வங்கி அடம்பிடித்தது. வெளியில் உண்டியல்காரன் (வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தருகிறவன்) அதைவிடக் கூடத் தரும்போது, டோகாவிலோ குவைத்திலோ வேலை செய்கிறவர் வங்கியில் ஏன் போடுவார்? 2020இல் 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2021இல் ஏறக்குறைய 550 கோடிக்கு இறங்கியது. ஆட்கள் பணம் அனுப்புவதை நிறுத்தவில்லை. காசு வீட்டுக்கு வந்தது, நாட்டுக்கு டாலராக வரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஜனவரி 18. அன்றைக்கு 50 கோடி டாலர் சர்வதேசக் கடன்பத்திரம் ஒன்று முதிர்ந்தது. கட்டாதீர்கள், கடன்காரர்களோடு பேசுங்கள், அந்தக் காசை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று பொருளியலாளர்கள் பலர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்கள். அரசாங்கம் முழுதாகக் கட்டியது, கட்டியதைப் பெருமையாகவும் சொன்னது. அடுத்த இரண்டு கிழமையில், பெப்ரவரி 2ஆம் தேதி, எரிபொருள் வாங்க இந்தியாவிடமிருந்து கடன் வசதிக்குக் கையெழுத்திட்டார்கள். எவ்வளவு? அதே 50 கோடி டாலர். இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எரிபொருளுக்கு மாதத்துக்கு 40, 50 கோடி டாலர் தேவைப்பட்ட நாட்டில், கையிலிருந்த ஒரு மாத எரிபொருள் காசைத் தூக்கிக் கடன்பத்திரக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அதே ஒரு மாத எரிபொருளுக்கு அயல்நாட்டிடம் கை நீட்டினோம்.

விலையைத் தொடப் பயந்தவர்கள்

டாலர் இல்லாமல் போனது பாதிக் கதைதான். மற்றப் பாதி, எரிபொருளும் மின்சாரமும் என்ன விலை என்பதை மக்களுக்குச் சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் துணிவு இருக்கவில்லை. 2018 மே மாதம் மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது உலக விலைக்கேற்ப மாதாமாதம் விலையை மாற்றும் சூத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆட்சி மாறியதும் அது மூலையில் போடப்பட்டது. மின்கட்டணத்தை எடுத்தால் 2013க்குப் பிறகு 2022 ஆகஸ்ட் வரை உயர்வே இல்லை. மின்சார சபை நட்டத்தில் ஓடும், எண்ணெய்க் காசைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குக் கொடுக்காது. கூட்டுத்தாபனம் அரச வங்கிகள் இரண்டிடமும் கடன் வாங்கும், வங்கிகள் டாலருக்குத் தவிக்கும். ஒருவர் கடனை இன்னொருவர் தலையில் ஏற்றி ஏற்றி, பாவனையாளர் கண்ணில் மட்டும் படாமல் வைத்திருந்தார்கள்.

2021 ஜூனில் எரிசக்தி அமைச்சராக இருந்த உதய கம்மன்பில 92 ஒக்டேன் பெற்றோலை 137இலிருந்து 157 ரூபாய்க்கு உயர்த்தினார். அவரைப் பதவி விலகச் சொன்னது யார் தெரியுமா? ஆளும் பொதுஜன பெரமுனவின் பொதுச் செயலாளரே. எதிர்க்கட்சி தன் பங்குக்கு நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. எனக்குக் கம்மன்பிலவின் அரசியல் துளியும் ஒத்துவராது, ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது தேவையான வேலை. 20 ரூபாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தவர்கள், ஒரு வருசம் கழித்து 470 ரூபாய்க்கு அதே பெற்றோலை வாங்க மூன்று நாள் நின்றார்கள்.

ஏறிய வேகத்தைப் பாருங்கள். 2021 டிசம்பரில் 177. 2022 மார்ச் 11இல் 254. ஏப்ரல் 19இல் 338. மே 24இல் 420. ஜூன் 26இல் 470. டீசல் 121இல் தொடங்கி 460இல் போய் நின்றது. படிப்படியாக ஏற வேண்டியதை ஆறு மாதத்தில் ஏற்றினால் சம்பளத்தில் சீவிக்கிறவர் எங்கே போவார்.

சப்புகஸ்கந்த நின்றபோது

வெளியில் அதிகம் பேசப்படாத ஒன்று இந்தச் சுத்திகரிப்பு ஆலை. கொழும்புக்குப் பக்கத்தில் சப்புகஸ்கந்தவில் 1969இல் தொடங்கியது, நாளுக்கு 50,000 பீப்பாய் கொள்ளளவு, ஈரானிய மசகு (கச்சா) எண்ணெயை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. ஈரான் மீதான அமெரிக்கத் தடைகள் வந்தபோதே அதற்கு மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. (ஈரானுக்கு எண்ணெய்க் கடனாக 25 கோடி டாலர் இருந்தது, அதை மாதம் 50 இலட்சம் டாலர் பெறுமதியான தேயிலையாகக் கட்டுவதென்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தார்கள். மலையகத் தோட்டங்களில் நாட்சம்பளம் 1,000 ரூபாய்க்கு வருசக்கணக்காகப் போராடிய பெண்கள் கிள்ளிய கொழுந்துதான் அது.) 2021 நவம்பரில் மசகு எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் ஆலையை மூடினார்கள். திறந்தார்கள், ஜனவரியில் மறுபடி மூடினார்கள், மார்ச்சில் இன்னொரு தடவை.

பெற்றோலும் டீசலும் சுத்திகரித்ததாகவே கப்பலில் வாங்கலாமே, ஆலை நின்றால் என்ன என்று கேட்கலாம். ஆலையிலிருந்து வருவது பெற்றோலும் டீசலும் மட்டுமல்ல. மண்ணெண்ணெய், விமான எரிபொருள், உலை எண்ணெய், நப்தா எல்லாம் அங்கிருந்துதான் வரும். உலை எண்ணெய் இல்லாவிட்டால் அதில் ஓடும் மின்நிலையங்கள் நிற்கும். நப்தா இல்லாவிட்டால் களனிதிஸ்ஸ மின்நிலையம் தடுமாறும். மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் மீன்பிடிப் படகு கரையேறும், தோட்டத்து லயத்தில் அடுப்பு அணையும். விமான எரிபொருள் தட்டுப்பட்டு, கொழும்பிலிருந்து கிளம்பிய தூரப் பயண விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனதை அந்த நாட்களில் எல்லோரும் பார்த்தோம்.

பெப்ரவரி, மார்ச் வறண்ட காலம், நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இறங்கும். எஞ்சியது நுரைச்சோலை நிலக்கரி நிலையம், 900 மெகாவாட், சீனா கட்டியது. அதுவும் தீராத ஆதாரம் அல்ல. தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும் என்பதால் செப்டம்பர் வாக்கிலிருந்து ஏப்ரல் வரைக்குள்தான் நிலக்கரியை இறக்கிக் குவித்துக்கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் டாலர் இல்லையென்றால் அடுத்த மழைக்காலம் முழுக்க இருட்டு. இப்படி எல்லாப் பக்கமும் நெருக்கி, மார்ச் ஆரம்பத்தில் ஏழரை மணி நேரமாக இருந்த மின்வெட்டு 30ஆம் தேதி 10 மணி நேரம், 31ஆம் தேதி 13 மணி நேரம் என்று போனது.

வரிசையிலிருந்து தெருவுக்கு

அந்த 13 மணி நேர மின்வெட்டு நாளின் இரவில்தான் மிரிஹானையில் பங்கிரிவத்த வீதியில் ஜனாதிபதியின் சொந்த வீட்டுக்கு முன்னால் ஜனங்கள் கூடினார்கள். எந்தக் கட்சியும் கூப்பிட்டு வந்த கூட்டம் அல்ல அது. வீட்டில் விளக்கும் இல்லை, மின்விசிறியும் இல்லை, பிள்ளைக்குப் பாடமும் இல்லை, வெளியே வந்தார்கள். அதற்குப் பத்து நாளைக்கு முன்பே, கண்டியிலும் கடவத்தையிலும் வரிசையில் நின்ற இரண்டு முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்திருந்தார்கள். மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் கடதாசி இல்லாமல் பரீட்சை தள்ளிப்போயிருந்தது. பெற்றோல் செட்டுகளில் இராணுவத்தை நிறுத்தியிருந்தார்கள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஏப்ரல் 1இல் அவசரகாலச் சட்டம், 3இல் சமூக ஊடகத் தடை, அதே இரவில் அமைச்சரவை பதவி விலகல், 9ஆம் தேதி காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு "கோட்டா கோ கம" என்று பெயர் வைத்தார்கள். 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 19ஆம் தேதி பெற்றோல் 338 ஆனது. அன்று றம்புக்கனையில் ரயில் பாதையை மறித்து நின்றவர்கள் மேல் பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். மே 9ஆம் தேதி பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து கிளம்பிய ஆளும் கட்சி ஆதரவாளர்கள் காலிமுகத்திடலில் இருந்தவர்களை அடித்தார்கள், மாலைக்குள் நாடு முழுக்கப் பதிலடி, மஹிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டார், நிட்டம்புவவில் ஆளும் கட்சி எம்.பி. ஒருவர் கொல்லப்பட்டார். 12ஆம் தேதி ரணில் விக்கிரமசிங்க பிரதமர்.

ஜூன் கடைசியில் கையிருப்பு வற்றிவிட்டது. 27ஆம் தேதி நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள், தனியார் வாகனங்களுக்கு இல்லை என்று அறிவித்தார்கள். இந்திய எண்ணெய்க் கழகத்தின் கிளையான லங்கா ஐஓசியின் செட்டுகளில் மட்டும் கொஞ்சம் கிடைத்தது. அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தோட்டம் போட்டுச் சாப்பாட்டுக்கு வழி தேடச் சொல்லி. பள்ளிக்கூடங்கள் மூடல். பஸ் இல்லை, கார் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. நாடே நின்றுபோன அந்த நேரத்தில் ஜூலை 9ஆம் தேதி கொழும்புக்கு வாருங்கள் என்று அழைப்பு. எப்படி வருவார்கள் என்று ஆட்சியாளர்கள் நினைத்திருக்கலாம். காலி, மாத்தறை, கண்டி நிலையங்களில் ரயில்களை ஓட வைத்து ஏறி வந்தார்கள், லொறியில் வந்தார்கள், சைக்கிளில் வந்தார்கள், நடந்து வந்தார்கள். முதல் நாள் இரவு போட்ட ஊரடங்கை அன்று காலையிலேயே எடுக்க வேண்டி வந்தது. நண்பகல் தாண்டி ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனம். 13ஆம் தேதி அதிகாலை கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்தார், அங்கிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பதவி விலகல் கடிதம்.

69 இலட்சம் வாக்கில் வென்றவரை 32 மாதத்தில் விரட்டியது அரசியல் சித்தாந்தம் அல்ல. 2019இல் அவருக்கு வாக்களித்த அதே நடுத்தர வர்க்கத்துக் குடும்பங்கள்தான் வரிசையில் நின்றன. வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது ஆளுக்கு ஆள் பேச நேரம் கிடைத்தது. இது என் துணிபு: அந்தக் கிழமைக்கணக்கான காத்திருப்புதான் அந்தப் போராட்டத்தின் கூட்ட அறை.

வடக்கில் இதைப் பார்த்த விதம்

யாழ்ப்பாணத்திலும் வரிசை இருந்தது, அதே நீளம்தான். ஆனால் எங்களுக்கு அது புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் காபுரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகைமணம் என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். அதனால் 13 மணி நேர மின்வெட்டைக் கேட்டபோது எங்கள் அம்மாமார் முதலில் செய்தது, பழைய விளக்குகளைத் தேடி எடுத்ததுதான். தெற்கில் அந்தக் காலத்தை யாரும் எரிபொருள் நெருக்கடி என்று சொல்லவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்த 2009இல் கோட்டாபய பாதுகாப்புச் செயலாளர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டிலில் இருக்கிறார்கள். அவர்களை அத்தனை வருசம் திரும்பிப் பார்க்காத கொழும்பு, பெற்றோல் இல்லையென்றதும் எழுந்ததைக் கண்டு இங்கே பலருக்கு மனம் ஒட்டவில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். அதேநேரம் மே 18ஆம் தேதி காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர்களும் சேர்ந்து முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றினார்கள். சின்னக் கூட்டம்தான், ஆனாலும் அந்த இடத்தில் அது நடந்தது. அதே தேதியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டு மக்கள் அனுப்பிய அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேறின. தமிழருக்கென்று பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுங்கள் என்று எங்கள் பக்கத்திலிருந்து சொன்னதை முதலமைச்சர் ஸ்டாலினே சட்டமன்றத்தில் குறிப்பிட்டார்.

சண்டை முடிந்து 13 வருசம் கழித்து, மார்ச் 22ஆம் தேதி, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பிள்ளை குட்டியோடு 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள். இந்த முறை குண்டுக்குப் பயந்து அல்ல, அரிசி வாங்க முடியாமல். ஜூன் 18ஆம் தேதி இரவு விசுவமடுவில் எரிபொருள் நிலையத்தில் ஏற்பட்ட குழப்பத்தில் இராணுவம் சுட்டது, பொதுமக்கள் காயப்பட்டார்கள். தெற்கில் நிலைமை கைமீறும்போது சுடுவதா விடுவதா என்று யோசித்தார்கள் என்றால் முல்லைத்தீவில் அந்த யோசனை குறைவாக இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அயலவர்கள் எதற்கு வந்தார்கள்

2022இல் இந்தியா தந்தது எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 400 கோடி டாலர் வரும்: எரிபொருள் கடன் வசதி, உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி, நாணயப் பரிமாற்றம், கட்ட வேண்டியதைத் தள்ளிவைத்தது எல்லாம் சேர்த்து. அந்த டீசல் வராமல் இருந்திருந்தால் ஆஸ்பத்திரி ஜெனரேற்றர்களே நின்றிருக்கும். நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் தேதிகளையும் பார்க்க வேண்டும். எரிபொருள் கடன் கையெழுத்தானது பெப்ரவரி 2. அதற்கு நாலு கிழமைக்கு முன், ஜனவரி 6ஆம் தேதி, திருகோணமலை சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்கான (சேமிப்புத் தாங்கிகளுக்கான) ஒப்பந்தம் முடிந்துவிட்டது.

பிரிட்டிஷ்காரர் இரண்டாம் உலகப்போரை ஒட்டிக் கட்டிய 99 குதங்கள் அவை, ஒவ்வொன்றிலும் 12,000 கிலோலீற்றர் அளவு எண்ணெய் வைக்கலாம். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே, இவற்றைச் சேர்ந்து சீர்செய்து நடத்துவோம் என்று இருக்கிறது. 35 வருசமாகத் தொழிற்சங்கம், பிக்குமார், தேசப்பற்றாளர் என்று யாராவது குறுக்கே நின்று இழுபட்டது, கையில் டாலர் தீர்ந்த மாதத்தில் முடிந்தது: 14 குதம் லங்கா ஐஓசிக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம். ஒப்பந்தமே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பாசி படிந்து கிடந்ததை ஆள வேண்டியதுதான். 2010களில் நிதானமாகப் பேசியிருந்தால் இதைவிட நல்ல விலைக்குப் பேசியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கள் தீவுகள் மூன்றின் கதையும் இதுதான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் காற்றும் சூரியனும் சேர்த்த மின்திட்டத்தை 2021 ஜனவரியில் சீனக் கம்பனி ஒன்றுக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கூப்பிடு தூரம், இந்தியா எதிர்த்தது. டிசம்பரில் "மூன்றாம் தரப்பின்" பாதுகாப்புக் கவலை என்று சொல்லிச் சீனா விலகியது. 2022 மார்ச் கடைசியில், அந்தப் பெற்றோல் கப்பல் வந்து நின்ற அதே நாட்களில், இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது திட்டம் இந்தியாவின் கைக்கு மாறியது. டெல்லிக்கும் பீஜிங்குக்கும் நடுவில் இழுபட்டுக்கொண்டிருந்த இத்தனை மாதமும் தீவு மக்களுக்கு டீசல் ஜெனரேற்றர்தான் மின்சாரம்.

சீனா 2021இல் தந்த 150 கோடி டாலருக்குச் சமமான நாணயப் பரிமாற்றம் கணக்கில் கையிருப்பாகக் காட்டப்பட்டது, ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்ற நிபந்தனை இருந்தது. கையிருப்பு இல்லாதபோதுதானே அது தேவை. ரஷ்யாவிலிருந்து மே கடைசியில் வந்த 90,000 தொன் மசகு எண்ணெயில்தான் சப்புகஸ்கந்த மறுபடி மூச்சு விட்டது.

இதை அப்படியே எடுத்துப் பங்களாதேஷுக்கும் பாகிஸ்தானுக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். டாலர் தட்டுப்பாடு, மின்வெட்டு, அயல்நாட்டுப் பாக்கி எல்லாம் அங்கேயும் உண்டு, ஆனால் 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனாவை விரட்டியது அரச வேலை ஒதுக்கீட்டு எதிர்ப்பும் மாணவர் மேல் நடந்த துப்பாக்கிச் சூடும்தான். எரிபொருள் அங்கே பின்னணி. இலங்கையில் அதுதான் முன்னணி.

வரிசை எப்படி முடிந்தது

2022 ஜூலையில் அறிவித்து ஆகஸ்டில் நாடு முழுக்க வந்த கியூஆர் அட்டை உண்மையாகவே நல்ல வேலை செய்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. சில நாட்களில் வரிசை சுருங்கியது. அதை ஆறு மாதம் முந்திச் செய்திருந்தால் எத்தனை பேர் இரவுகளை வீதியில் கழித்திருக்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பர் 1இல்தான் அது எடுக்கப்பட்டது.

வரிசை குறைந்ததற்கு மற்றக் காரணம் விலை. வாங்க முடியாதவர் வரிசையில் நிற்க மாட்டார். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதமும் ஏறியது. விகிதப்படி பார்த்தால் மிகக் குறைந்த அலகு பாவித்த வீடுகளுக்குத்தான் பெரிய அடி. அடுத்த மாதமே, மார்ச் 20இல், சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டாலர் திட்டத்துக்குச் சம்மதித்தது. உண்மையான விலையை வாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை, மேலேயே சொன்னேன். பத்து வருசம் மறைத்த விலையை, மறைத்ததில் ஒரு பங்கும் இல்லாத வீட்டிடம் ஒரே தவணையில் வசூலித்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

மண்ணெண்ணெய் 87 ரூபாயாகவே இருந்தது, ஆனால் கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவில் அதை 340 ஆக்கினார்கள், அதன்பிறகு கிடைத்தது. மன்னாரிலும் குருநகரிலும் சின்னப் படகு வைத்திருக்கிறவர் இரண்டு தரம் அடிபட்டார், முதலில் எண்ணெய் இல்லாமல், பிறகு எண்ணெய் இருந்தும். ஒருநாள் தொழிலுக்குப் போய் வரும் எண்ணெய்க் காசுக்கே மீன் படுமா என்று தெரியாமல் பலர் படகை இழுத்துக் கரையில் போட்டார்கள். அதே மன்னாரில்தான் அதானி நிறுவனம், பூநகரியையும் சேர்த்து, 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தோடு வந்தது. மீனவர்களும் பறவைகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் எதிர்த்தார்கள், புதிய அரசாங்கம் விலையைத் திரும்பப் பேச வேண்டும் என்றது, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. இரண்டு மாதத்தில், ஏப்ரல் 5ஆம் தேதி, மோடி கொழும்பு வந்தபோது திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் கையெழுத்திட்டன. அம்பாந்தோட்டையில் சீனாவின் சினோபெக் நிறுவனம் 370 கோடி டாலர் சுத்திகரிப்பு ஆலைக்கு ஜனவரியிலேயே கையெழுத்து வாங்கியிருந்தது. கிழக்கில் ஒருவர், தெற்கில் ஒருவர்.

2024 முடிவில் கையிருப்பு 600 கோடி டாலருக்கு மேல் வந்துவிட்டது. இப்போதெல்லாம் நான் ஒவ்வொரு மாதமும் மத்திய வங்கி வெளியிடும் அந்தத் தொகையைப் பார்க்கிறேன், மாதக் கடைசி இரவில் பெற்றோல் விலை மாறியதா என்று பார்க்கிறேன். செப்டம்பர் பிறந்தால் நுரைச்சோலைக்கு நிலக்கரிக் கப்பல் வந்துவிட்டதா என்று செய்தியில் தேடுகிறேன். வந்திருந்தால், இறக்கிவிட்டார்களா என்றும்.